காலம் வடிகட்டவில்லை

கேள்வி: பழைய திகில் படங்களில் சிறந்தது எது என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் 'சைக்கோ', 'தி எக்ஸார்சிஸ்ட்', 'தி ஷைனிங்' என்றுதான் பட்டியல் தொடங்குகிறது. நல்லதைக் காலம் வைத்துக்கொண்டது, மற்றதை வடிகட்டிவிட்டது. அப்படியிருக்க, 'கவனிக்கப்படாத படம்' என்று சிலர் வருத்தப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா? அந்தப் படங்கள் இன்று யாரைப் பயமுறுத்தப் போகின்றன?

பதில்: அர்த்தம் இருக்கிறது. காலம் வடிகட்டியது என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் சொல்லும் 'தி ஷைனிங்' 1980இல் வந்தபோது, மோசமான இயக்குநருக்கான ராஸி விருதுக்கு ஸ்டான்லி குப்ரிக்கின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அன்றே கணக்கை முடித்திருந்தால் அந்தப் படமும் உங்கள் பட்டியலில் இருந்திருக்காது. ரசிகர்கள் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அதனால் பிழைத்தது.

'சைக்கோ' 1960 ஜூனில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் லண்டனில் மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' வெளியானது. இரண்டிலும் கொலைகாரன் கூச்ச சுபாவமுள்ள, தணிந்த குரலில் பேசும் இளைஞன். இரண்டு பேருமே பெற்றவர்களிடமிருந்து கடைசிவரை விடுபடாதவர்கள். 'சைக்கோ'வின் இயக்குநர் ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் படத்தைக் காட்டவே இல்லை. பவலின் படத்தை விமர்சகர்கள் குதறி எடுத்தார்கள். 'தி ரெட் ஷூஸ்' என்ற புகழ்பெற்ற படத்தைத் தந்த பவலுக்கு அதன்பிறகு இங்கிலாந்தில் படம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 1970களின் இறுதியில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முன்கை எடுத்ததால்தான் 'பீப்பிங் டாம்' மறுபடி பேசப்பட்டது. தொடக்கக் காட்சியிலேயே கொலைகாரனின் கேமரா வழியாக நம்மைப் பார்க்க வைக்கிறது அந்தப் படம். அதை அன்று பலரால் தாங்க முடியவில்லை. நடுவில் போன இருபது வருடத்தின் பழியைக் காலத்தின் தலையில் போட முடியாது.

சரி, அது மீட்கப்பட்டுவிட்டது. இன்னும் போதுமான பேர் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: 'தி செவன்த் விக்டிம்', 1943. மொத்தம் 71 நிமிடம்.

தயாரிப்பாளர் வால் லூட்டன். ஆர்கேஓ ஸ்டூடியோ அவருக்குத் தலைப்பைக் கொடுத்துவிடும். 75 நிமிடத்துக்குள், 1,50,000 டாலருக்குள் அவர் படத்தை முடித்துத் தர வேண்டும். பூதத்தைக் காட்டப் பணம் இல்லை, அதனால் இருட்டையும் சத்தத்தையும் வைத்தே வேலை பார்த்தார். 1942இல் வந்த அவருடைய 'கேட் பீப்பிள்' படத்தில் இரவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் வந்த காலடிச் சத்தம் திடீரென்று நின்றுபோகிறது. ஏதோ பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது, சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கிறது! இன்று நம்மைத் தூக்கிவாரிப் போடும் காட்சிகளுக்கெல்லாம் மூத்தது அது. அந்தப் படத்தின் எடிட்டர் மார்க் ராப்ஸன்தான் 'தி செவன்த் விக்டிம்' படத்தை இயக்கினார். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம்.

காணாமல்போன அக்காவைத் தேடி நியூயார்க் வருகிறாள் மேரி. அக்கா வாடகைக்கு எடுத்த அறையைத் திறந்தால், ஒரு நாற்காலி, அதற்கு மேலே ஒரு சுருக்குக் கயிறு. வேறு எதுவும் இல்லை. அக்கா போய்ச் சேர்ந்த சாத்தானை வழிபடும் கூட்டமோ, பார்த்தால் நல்ல உடை உடுத்திய, மரியாதையாகப் பேசும் மனிதர்கள். குளியலறைக் காட்சி ஒன்று வருகிறது. மேரி ஷவரில் நிற்கிறாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தொப்பி அணிந்த ஒரு பெண்ணின் நிழல் வந்து, ஊரைவிட்டுப் போய்விடு என்று நிதானமாகச் சொல்கிறது. கத்தி இல்லை, அலறல் இல்லை. 'சைக்கோ'வுக்கு 17 வருடம் முந்தைய காட்சி இது. குளியலறையில் நாம் எவ்வளவு பாதுகாப்பற்றவர்கள் என்பதை ராப்ஸன் அப்போதே பிடித்துவிட்டார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதை அங்கங்கே தாவுகிறது, காதல் பகுதி அவசரத்தில் ஒட்டவைத்தது போலிருக்கிறது. ஆனால் வாழ்வதற்கே சலித்துப்போன ஒருத்தியை இவ்வளவு நேராகப் பார்த்த திகில் படம் அந்தக் காலத்தில் வேறு எனக்குத் தெரியாது.

பயமுறுத்துமா என்று கேட்கிறீர்கள். எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டது என்று எண்ணுபவருக்கு இந்தப் படங்கள் தோற்றுத்தான் போகும். 1961இல் வந்த ஜாக் க்ளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' படத்தில், பகல் வெளிச்சத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம் நாணலுக்குள் கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பார்த்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். இரண்டு நாள் கழித்து, ஏதோ வேலையாக ஜன்னல் பக்கம் போனவன், வெளியே பார்க்கத் தயங்கி நின்றேன்.

நீங்கள் முதலில் அந்த 71 நிமிடப் படத்தைப் பாருங்கள். இரவில், போனைத் தள்ளி வைத்துவிட்டு, தனியாக. மறுநாளே எழுத வேண்டாம். ஒரு வாரம் போகட்டும், எந்தக் காட்சி உங்களைவிட்டுப் போகவில்லை என்று அப்புறம் எழுதுங்கள்.