கைம்மாறு கேட்காதவர்களுக்கு என்ன செய்வது?

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன்பு வேலைக்குப் போகும் வழியில் என் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார். வயது 46. தலையில் பலத்த அடி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. முதல் மூன்று வாரம் எங்களையே அவருக்குச் சரியாக அடையாளம் தெரியவில்லை. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். வலது கையில் பலம் குறைவு, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. வாரம் இரண்டு முறை பயிற்சிக்குப் போகிறோம். இத்தனை நாளும் எங்களைத் தாங்கியது எங்கள் அடுக்குமாடி மக்கள்தான். மேல்மாடி அக்கா சாப்பாடு அனுப்பினார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் தன் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்க மறுக்கிறார். கோவிலில் 6,800 ரிங்கிட் திரட்டித் தந்தார்கள், அதில் 1,450 மீதம். சக்கர நாற்காலியும் இரவல்தான். 300 பேருக்கு அன்னதானம் போட்டு நன்றி சொல்ல வேண்டும், வரும் தைப்பூசத்தில் தன் மகன் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏற வேண்டும் என்கிறார் மாமியார். கணவரோ, "யாரையும் பார்க்க வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நன்றி கெட்ட குடும்பம் என்று நினைத்துவிடுவார்களோ?
ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, முதலில் கணவரைப் பார்ப்போம். அவர் விஷயம் புரிந்தால்தான் மற்றவற்றுக்கு வழி தெரியும்.

தலையில் அடிபட்டவர்களுக்கு விபத்தை ஒட்டிய நாட்கள், சிலருக்கு வாரங்கள், நினைவில் பதிவதே இல்லை. பதிந்து மறந்துபோனதாக இருந்தால் யோசிக்க யோசிக்க வரும். பதியாதது எத்தனை யோசித்தாலும் வராது. மேல்மாடி அக்கா அனுப்பிய கஞ்சி, காரின் பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனது, இதெல்லாம் உங்களுக்கு நேற்று நடந்தது மாதிரி. அவருக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. வருகிறவர்கள் அன்போடுதான் "என்னை ஞாபகம் இருக்கா?" என்கிறார்கள். பதில் தெரியாதவருக்கு அது பரீட்சை, அதுவும் எல்லார் முன்னாலும். போதாததற்குச் சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதைக் கேட்பது, எதை விடுவது என்று பிரிக்க அடிபட்ட மூளை திணறும், சீக்கிரமே களைத்துவிடும். அந்தக் களைப்பு வெளியே எரிச்சலாகத்தான் தெரியும். அவர் நன்றி இல்லாதவர் அல்ல. எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் கையில் இல்லை.

ஆகவே அந்த நாட்களை அவருக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு பள்ளி நோட்டு போதும். பெயர்வாரியாக வேண்டாம், தேதிவாரியாக எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம்: அன்று அவர் எப்படி இருந்தார், யார் வந்தார்கள், என்ன செய்தார்கள். "நிறைய உதவினார்கள்" என்று எழுதினால் அவர் மனதில் ஒன்றும் நிற்காது. "லிப்ட் கெட்டுப்போன அன்று நான்கு பையன்கள் உங்களை நாற்காலியோடு மூன்று மாடி இறக்கினார்கள், அதில் ஒருவன் உங்கள் செருப்பைக் கையில் வைத்திருந்தான்" என்று எழுதினால் நிற்கும். யார் எவ்வளவு பணம் தந்தார்கள் என்பதை இந்த நோட்டில் எழுதாதீர்கள். தொகை ஏறினால் அது மொய் நோட்டு ஆகிவிடும். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்தப் பட்டியல் நெஞ்சில் கல். காலையில், களைப்பில்லாத நேரத்தில், இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். இடையில் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம்.

சில வாரம் போனதும், நன்றியைச் சிறு அட்டைகளில் அவர் கையாலேயே சொல்ல வையுங்கள். வலது கைக்கு இது நல்ல பயிற்சியும் ஆகும். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் சொன்னால் இதையே ஓர் இலக்காக வைத்துக்கொள்வார். பேனா மெல்லியதாக இருந்தால் பிடி நழுவும். ஸ்பாஞ்சையோ துணியையோ சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பருமனாக்குங்கள். அட்டை நகராமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய, முழங்கை மேசைமேல் தங்க உட்கார வேண்டும். வாசகத்தை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்து மட்டும் அவர் போடட்டும். ஒரு நாளைக்கு மூன்று அட்டை போதும். ஒரே மூச்சில் நாற்பது போடச் சொன்னால் பத்தாவது அட்டையில் கை இறுகி எழுத்து கோணும், அதைப் பார்த்து மனம் உடைந்து பேனாவை வீசிவிடுவார். பயிற்சிக்குப் போய்வந்த நாளில் அட்டையே எடுக்காதீர்கள். எழுதப் பிடிக்கவில்லை என்றால் புலனத்தில் (வாட்ஸ்அப்) இருபது வினாடிக் குரல்பதிவு, தனித்தனி ஆளுக்கு. குழுவில் போட்டால் எண்பது பதில் வரும், அவ்வளவையும் அவரால் தாங்க முடியாது. மருத்துவமனையில் குழாய்களோடு கிடந்த படங்களை, அவரிடம் கேட்காமல், எங்கும் போட வேண்டாம்.

அடுத்து அன்னதானம். இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. 300 பேர் கூடும் இடத்தில் அவர் பாடு என்ன என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது: நம் ஊரில் பந்தி போட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். தலைக்காயத்தில் முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு மெதுவாக, இரண்டு வருடம், அதற்கு மேலும்கூட நடக்கும். நீங்கள் ஏழாவது மாதத்தில் இருக்கிறீர்கள். மெதுவாக நகரும் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. "அவர்தான் நல்லாயிட்டாரே" என்று காரும் சாப்பாடும் நின்றுபோவதும் இந்தச் சமயத்தில்தான். அதனால் நன்றியோடு நிலவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "உங்க புண்ணியத்துல தடி வச்சு நடக்கிறார். பயிற்சி இன்னும் தொடருது, வியாழக்கிழமை மட்டும் போக வர ஆள் தேவைப்படுது." இதைக் கெஞ்சுவதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கதவருகே தயங்கி நிற்பவர்களுக்குத்தான் இது மிகவும் உதவும்.

யாருக்கு என்ன செய்வது? மேல்மாடி அக்காவின் டிபன் கேரியர் உங்கள் வீட்டில் இருக்கிறதா? வெறுமனே திருப்பாதீர்கள், உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கு வீட்டுச் சமையலை அனுப்புமுன் சாப்பிடுவாரா என்று கேட்டுவிடுங்கள். சைவமாகவே இருந்தாலும் பாத்திரத்தை யோசிப்பவர்கள் உண்டு, ஹலால் முத்திரை உள்ள கடைப் பலகாரம் என்றால் சிக்கலே இல்லை. அதைவிட அவருக்குப் பிடிக்கக்கூடியது, நோன்புப் பெருநாளுக்கு முன்வாரம் பலகாரம் சுடும் ஒரு மதியம் அவர் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்வது. சீனப் பெரியவரிடம் பெட்ரோல் காசை மறுபடி நீட்டாதீர்கள். மறுத்த பணத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அவர் செய்ததை டாக்சி ஓட்டினதாக ஆக்கிவிடுகிறோம். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொண்டுபோங்கள், இரட்டைப்படையில், நான்கு மட்டும் கூடாது, எட்டு நல்லது. கணவரும் கூடப் போய்க் கையில் கொடுக்கட்டும். கடிகாரம் பரிசளித்துவிடாதீர்கள். மாண்டரினில் 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொல் ஒருவரின் இறுதிக்கடன் செய்வதுபோல் ஒலிக்கும்.

மருத்துவமனைத் தாதியர், பயிற்சியாளர்களுக்குப் பணமோ விலையுயர்ந்த பொருளோ வேண்டாம். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்குவதற்கு விதிகள் உண்டு, நல்லது செய்தவரை நாமே சிக்கலில் மாட்டிவிடுவோம். மருத்துவமனை இயக்குநர் பெயருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: வார்டு, எந்த மாதம், ஊழியரின் பெயர், அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியம். வேலைக்குப் போகும் வழி விபத்து என்பதால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரங்களை நிரப்பிக் கொடுத்த ஒரு சக ஊழியரும் இருந்திருப்பார். அவரை விட்டுவிடாதீர்கள். தற்காலிக இயலாமைக்குக் கிடைக்கும் தொகை சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. அந்தப் பாரத்தால் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றும் 2007 முதல் சொக்சோவில் இருக்கிறது, இன்னும் பதியவில்லை என்றால் அதையும் அவரிடமே கேட்கலாம்.

கோவில் பணத்துக்குக் கணக்கு, ஒரே தாளில். வரவு 6,800. செலவைப் போக்குவரத்து, மருந்தும் பெரியவர் டயப்பரும், குளியலறைக் கைப்பிடி, தனியார் பயிற்சி என்று நான்கைந்து வரியில் போட்டால் 5,350 வரும், மீதம் 1,450. ரசீதுகளை ஒரு உறையில் போட்டுத் தாளோடு நிர்வாகத்திடம் கொடுங்கள். மீதத்தை என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் பயிற்சிப் போக்குவரத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை எடுத்து அன்னதானத்துக்கு மட்டும் போடாதீர்கள். சிகிச்சைக்கென்று கொடுத்த காசில் சாப்பாடா என்று ஒருவர் கேட்டால் போதும், ஏழு மாத நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும்.

மாமியாருடைய வேண்டுதல் சாமிக்கும் அவருக்கும் உள்ளது, ஊருக்குச் சொல்லும் நன்றி வேறு. இரண்டையும் பிரித்துவிட்டால் அவரோடு பேசுவது எளிது. தண்ணீர்மலைக்கு 513 படி. முறிந்து கூடிய காலுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். தைப்பூச நெரிசலில், வெயிலில், தலையில் குடத்தோடு என்றால் நிதானம் தப்பும். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. "இந்த வருஷம் தம்பி எடுக்கட்டும், உங்க மகன் அடிவாரத்துல நின்னு கும்பிடட்டும்" என்று பயிற்சியாளர் வாயால் சொல்ல வைத்தால் மாமியார் ஒத்துக்கொள்வார்.

சக்கர நாற்காலியை, நீண்ட தூரத்துக்கும் இனித் தேவையில்லை என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு திருப்புங்கள். குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் உள்ளே துரு ஏறும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். முன்சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும், பழைய கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா பாருங்கள். கழிப்பறை நாற்காலியும் இரவல் என்றால், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம், பிறகு நன்றாக அலசுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். கால்தாங்கிகள் இரண்டும் நாற்காலியோடு இறங்குகின்றனவா என்று லிப்டுக்குள் போகுமுன் எண்ணிப் பாருங்கள். கழற்றி வைத்த ஒன்று அநேகமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.