17 வயது மகன் இன்னும் பொம்மைக் கார்களோடு விளையாடுகிறான். அவற்றை எடுத்து ஒளித்து வைப்பது சரியா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: மகனுக்கு ஆட்டிசம். பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கிவைத்து மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வரும் உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். வயதுக்கேற்ற பழக்கம் வரட்டும் என்று கார்களைப் பரணில் ஏற்றிப் பத்து நாளாகிறது.

என் பதில்: சரியில்லை. முதலில் பரணில் ஏறி இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கேட்டது அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாக்கள் கேட்க மாட்டார்கள். மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு மண்டிக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போனவன்தான்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. மூத்த மகளுக்கு இப்போது 29 வயது. டவுன் சின்ட்ரோம். 21ஆவது குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு இருக்கும், அவளுக்கு மூன்று. அவளுக்குச் சொப்புச் சாமான் என்றால் உயிர். சின்ன வயதில் இருந்த ஆசை இன்றுவரை ஒரு பங்கு குறையவில்லை. கிருஷ்ணகிரியில் வருடா வருடம் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்கு ஊரெல்லாம் மாம்பழம் பார்க்கப் போகும். நாங்கள் சொப்பு வாங்கப் போவோம்.

அவள் எப்படி விளையாடுவாள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். காலை ஆறரைக்குத் திண்ணையில் கடை விரிப்பாள். இரண்டு சிட்டிகை கேழ்வரகு மாவு, ஒரு மூடித் தண்ணீர். ஐஸ் குச்சிதான் களி கிண்டும் கோல். என் அம்மா களி கிண்டும்போது சட்டியைக் கீழே இறக்கித் துணியைச் சுற்றி இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் கிண்டுவாள். இவளும் கட்டைவிரல் உயரச் சட்டியைக் கால் பெருவிரல்கள் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அதே போலக் கிண்டுவாள். மூச்சு வாங்குவதுகூட அம்மா மாதிரியே இருக்கும். பிறகு விரலை நனைத்துப் பட்டாணி அளவு உருண்டை பிடித்து ஐந்து தட்டில் வைப்பாள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவது தட்டு, இறந்துபோன ஆயாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு. அதற்குத்தான் முதலில் வைப்பாள். நான் "போதும்மா" என்று சொன்ன பிறகுதான் செருப்புப் போட விடுவாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் சின்னவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். 23 வயதுப் பெண் திண்ணையில் சொப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அந்தச் சமயத்தில் அவள் போய்வந்த சிறப்புப் பள்ளியிலும் "வயதுக்கேற்ற செயல்பாடுகளுக்கு மாற்றுங்கள், பொம்மைகளைக் குறையுங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு மாங்காய்ச் சாக்கில் எல்லாவற்றையும் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

அவள் அழவில்லை. நான்கு நாள் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "பார், மறந்துவிட்டாள்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் அலறல் கேட்டு ஓடினோம். தானாகவே கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டியிருக்கிறாள். சட்டியைக் கீழே இறக்கி, ஆயா மாதிரியே பாதங்களுக்கு நடுவில் இடுக்கியிருக்கிறாள். ஆயா துணி சுற்றுவாள் என்பது மட்டும் அவளுக்கு நினைவில்லை. கட்டைவிரல் சட்டிக்குத் துணி எதற்கு? இரண்டு பாதத்திலும் உள்பக்கம் தோல் வழன்றுவிட்டது. பக்கத்தில் ஐந்து எவர்சில்வர் தட்டு வரிசையாக இருந்தது.

மருத்துவமனையில் வயது கேட்டார்கள். மனைவி "இருபத்துமூன்று" என்றாள். நான் முந்திக்கொண்டு "மனவயது ஆறுதான் டாக்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். அடுப்பைப் பற்றவிட்டது என் தவறு இல்லை, குழந்தைத்தனம்தான் காரணம் என்று காட்ட வேண்டியிருந்தது எனக்கு.

இந்த மனவயதைப் பற்றி இரண்டு வார்த்தை. 1905இல் பாரிசில் பினே என்பவர், பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காக உருவாக்கிய சோதனையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. சில கேள்விகளுக்கு ஆறு வயதுப் பிள்ளை சராசரியாக எடுக்கும் மதிப்பெண் எடுத்தாள் என்று அர்த்தம். என் மகள் ஆறு வயதுப் பிள்ளை என்று அர்த்தம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாதவிலக்கு வராது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஆயாவுக்கு ஒன்றரை வருடம் தலைவாரிவிட்டிருக்காது.

"வயதுக்கேற்ற" என்ற சொல்லையும் நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. அந்தப் பள்ளி ஆசிரியைக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. சின்னவள் சமூகப்பணி படித்தவள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: 1960களின் கடைசியில் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பிறகு அமெரிக்காவிலும் எழுந்த சிந்தனை அது. பெரிய பெரிய விடுதிகளில் அடைத்து, நாற்பது வயது ஆளையும் கைக்குழந்தை போல நடத்தினார்களே, அதை எதிர்த்து வந்தது. மற்றவர்கள் மரியாதையாக நடத்த வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்ததை, நாம் அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவதற்கு வைத்துக்கொண்டோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29ஆவது பிரிவே பண்பாடும் பொழுதுபோக்கும் பற்றித்தான். அந்தப் பிரிவில் பொழுதுபோக்குக்கு வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை.

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் எருது விடும் விழா. மாட்டுக் கொம்பில் தடுக்கை என்னும் அலங்காரத் தட்டியைக் கட்டி ஓடவிட்டு, பேரன் எடுத்த பெரியவர்கள் தென்னை மரத்தில் தொற்றிக்கொண்டு விசில் அடிக்கிறார்கள். அது வயதுக்கேற்றதா என்று யாராவது கேட்டார்களா? மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டரை வரிசையில் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்துக்கிடக்கும்போது ஐம்பது வயது விவசாயிகள் செல்போனில் கலர் உருண்டைகளை வெடித்துக்கொண்டிருக்கிறோம், நானும்தான். அந்த வரிசையைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். ஒரு வருடம் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை. பாதியை மரத்தடியிலேயே விட்டோம். அதே கூழ் பாட்டிலில் ஏறிக் கடைக்கு வரும்போது மட்டும் விலை இறங்குவதே இல்லை. இதைக் கேட்க நாதியில்லை, என் மகளின் சொப்பைக் கேட்க மட்டும் ஊரே வருகிறது.

"இப்படியே விட்டால் எப்படி முன்னேறுவாள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: சும்மா விடவில்லை. பாதம் ஆறிய பிறகு நிஜ அடுப்பில் துணி பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தச் சொப்பை வைத்துத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் நிற்க அவள்தான் எல்லோருக்கும் களி கிண்டுகிறாள். தோப்பில் பால் வடிந்து கறைபட்ட காயையும் நல்ல காயையும் என்னைவிட வேகமாகப் பிரிக்கிறாள். அதெல்லாம் முடிந்த பிறகும் திண்ணையில் சொப்பு உண்டு. அது பாடம் இல்லை, அவளுக்குப் பிடித்தது. எதையாவது கற்றுக்கொடுக்கிறது என்றால்தான் வைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

வயதைக் காட்ட வேண்டிய இடங்கள் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க வேண்டும். யார் மடியிலும் உட்காரக் கூடாது. யாரும் கன்னத்தைக் கிள்ளக் கூடாது. வருகிறவர்கள் "பாப்பா" என்று கூப்பிட்டால் நான் பெயரைச் சொல்லித் திருத்துவேன். நகைக் கடையில் அவளுக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டால், அவளிடமே கேட்கச் சொல்வேன். உங்கள் மகனுக்கு 17 என்றால் சவரம், அந்தரங்கம், எங்கே தொடலாம் கூடாது என்பதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய நேரம். அதற்குக் கார்கள் குறுக்கே நிற்கவில்லை. நான் மருத்துவர் இல்லை, ஆட்டிசமும் டவுன் சின்ட்ரோமும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆனால் பரண் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்துப் பவுன் கூடக் கேட்டார்கள், முறிந்தது. சொப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இப்போதைய மாப்பிள்ளை முதல் தடவை வந்தபோது உருண்டையை வாயருகில் கொண்டுபோய் "உப்புக் குறைவு" என்றார். மறுநாளிலிருந்து ஒரு மூடியில் உப்புத் தனியாக வருகிறது.

உங்கள் வீட்டில் அந்தக் கார்கள் எந்த வரிசையில் இருந்தன என்று நினைவிருக்கிறதா? அவன் அடுக்கியபோது எடுத்த படம் செல்போனில் இருந்தால் தேடிப் பாருங்கள், அதன்படியே வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டியோடு அவன் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேட்டரி போட்ட கார் இருந்தால் மூடியின் திருகை மட்டும் இறுக்கிவிடுங்கள். அந்தப் பட்டன் பேட்டரியை விழுங்கினால் எந்த வயதிலும் ஆபத்து.