பழைய பிக்கப் டிரக்கில் கழன்று கிடக்கும் கார்புரேட்டர் ஹோஸ்களை எங்கே மாட்டுவது?

1980களில் அமெரிக்காவில் ஓடிய டொயோட்டா, நிசான் பிக்கப்களில் கார்புரேட்டரைச் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) சுற்றி ஏகப்பட்ட மெல்லிய ரப்பர் குழாய்கள் இருக்கும். பெரும்பாலானவை வேக்கம் ஹோஸ்கள். பிஸ்டன் இறங்கும்போது இன்ஜின் காற்றை இழுக்கிறதல்லவா, அந்த இழுவையை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோவதுதான் இவற்றின் வேலை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் வாயில் காற்றுதான் வரும். கழன்ற ஹோஸும் அப்படித்தான்: கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகுந்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) வண்டி உதறும்.

முதலில் பானெட்டின் அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்ற படம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கிழிந்துபோயிருந்தால்? இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டரில் ஹோஸ் கழன்ற ஒவ்வொரு முனையிலும் விரலை வையுங்கள் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல்). அப்போதே விரலை இழுத்தால், அது த்ராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) கீழே உள்ள முனை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்த பிறகே இழுத்தால் தகட்டுக்கு மேலே உள்ளது. புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குள் திருப்பிவிடும் இஜிஆர் வால்வுக்கு வழக்கமாக இந்த இரண்டாவது வகைதான். மாற்றி மாட்டினால் ஐடிலிலேயே புகை இன்ஜினுக்குள் திரும்பி, வண்டி அணைந்துவிடும்.

நுனி வெடித்த ஹோஸை, நீளம் இருந்தால் அரை அங்குலம் வெட்டி மாட்டலாம். கட்டையாக இறுகிப்போனதை மாற்றிவிடுவதே நல்லது.

அப்புறம், இந்தக் குழாய்கள் எல்லாவற்றிலும் பெட்ரோல் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் வருவது கிளாம்ப் போட்ட தடித்த ஹோஸில் மட்டும்தான்.