கீட்டோ தொடங்கியாச்சு, நாக்கு இனிப்பு கேட்குதே!

கேள்வி: அடுத்த வாரம் கீட்டோ தொடங்கப் போகிறேன். தினமும் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரவு சாப்பிட்ட பிறகு ஏதாவது இனிப்பு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம். ஆனால் மூன்றாம் நாளே தாங்க முடியாமல் கைவிடும் ஆபத்து அதிகம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். உங்கள் டீயில் மட்டும் தினமும் 40 கிராம் போகிறது. கீட்டோ என்பது கார்பை, அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும், வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவுமுறை. அதில் நாள் முழுக்கச் சாப்பிடும் கார்ப் மொத்தமே 20 முதல் 50 கிராம்தான். சோறு, ரொட்டி, பழம், சர்க்கரை எல்லாம் ஒரே காலையில் காணாமல் போனால், தலைவலி எதனால், சோர்வு எதனால், ஏக்கம் எதனால் என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதனால் முதல் இரண்டு வாரம் சர்க்கரையை மட்டும் குறையுங்கள். சோறும் ரொட்டியும் வழக்கம்போல் இருக்கட்டும். முதல் நாள் ஒவ்வொரு டீயிலும் ஒன்றரை ஸ்பூன், ஐந்தாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் அரை, பதின்மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பழைய இரண்டு ஸ்பூன் டீயைத் திரும்பக் குடித்தால் திகட்டும். கீட்டோவுக்குள் போன பிறகு பாலையும் கணக்கில் சேருங்கள். 250 மில்லி பாலில் 12 கிராம் கார்ப் இருக்கிறது. டீக்கு இரண்டு மேசைக்கரண்டி கெட்டி க்ரீம் விட்டால் சுமார் 1 கிராமோடு முடிந்துவிடும்.

இரவு இனிப்பு பெரும்பாலும் பசியால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது. அதே நாற்காலி, அதே நேரம், கை தானாக டப்பாவைத் தேடும். சாப்பிட்டு எழுந்த கையோடு பல் துலக்குங்கள். அந்த நாற்காலியில் உட்காராமல் கால் மணி நேரம் வேகமாக நடங்கள். ஏக்கம் அலைபோல ஏறி, தானே இறங்கும். அது உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களை எப்படிக் கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் கீட்டோ. இங்கே பலரும் செய்யும் தவறு, வெண்ணெயை அள்ளிப் போட்டுக்கொண்டு புரதத்தை மறப்பது. காலையில் வெண்ணெய் கலந்த காபி மட்டும் குடித்தால் மாலை நான்கு மணிக்கு நாக்கு இனிப்புக்கு அலையத்தான் செய்யும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வையுங்கள். 60 கிலோ இருப்பவருக்கு 72 முதல் 90 கிராம். அதாவது வேளைக்கு 25 முதல் 30. மூன்று முட்டையில் 18 கிராம் கிடைக்கும், கூட 40 கிராம் சீஸ் சேர்த்தால் இன்னும் 10. கீரையை வெண்ணெயில் வதக்கிப் பக்கத்தில் வைத்தால் ஒரு வேளை சரியாகிவிட்டது.

கேள்வி: கீட்டோவில் மூன்றாம் நாள். தலை பாரமாக இருக்கிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, இனிப்பு கேட்டு உயிரை எடுக்கிறது. நான்கு பிஸ்கட் சாப்பிட்டதும் ஓரளவு தேவலாம் போல் இருந்தது. என் உடம்புக்குச் சர்க்கரை அவசியம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. உங்கள் உடம்பு கேட்பது அநேகமாக உப்பு.

கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரை, சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கார்பை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ குறைந்ததாகத் தராசு காட்டுவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். இன்சுலின் அளவும் இறங்குவதால் சிறுநீரகங்கள் சோடியத்தை அதிகமாக வெளியேற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, எரிச்சல் எல்லாம் இதிலிருந்து வருபவை. கீட்டோ காய்ச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது இதுதான்; உடம்பு சுடாது.

பிஸ்கட் சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், சோடியம் வெளியேறுவது குறையும். ஆறுதல் கிடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் நிற்பீர்கள். அடுத்த முறை அரை டீஸ்பூன் உப்பை ஒரு குவளை சூடான எலும்புச் சாற்றிலோ காய்கறிச் சாற்றிலோ கலந்து குடித்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அதில் சுமார் 1,150 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. முதல் பத்து நாட்கள் தினமும் ஒன்றிரண்டு முறை குடிக்கலாம். உப்பில்லாமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் மட்டும் குடிப்பது நிலைமையை மோசமாக்கும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள். பொட்டாசியத்துக்குக் கீரையும் அவகாடோவும் போதும். மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், அளவு தப்பினால் இதயத் துடிப்பையே பாதிக்கும்.

கேள்வி: நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கீட்டோ இருந்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே, நானே தொடங்கலாமா?

தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். சர்க்கரை குறையும் என்பது உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் அளவைக் குறைக்காமல் கார்பை வெட்டினால் தாழ்சர்க்கரை வரும். கை நடுக்கம், வியர்வை, படபடப்போடு இனிப்புக்கு மனம் பறந்தால் உடனே இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டே ஆக வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கீட்டோ கெட்டுவிடுமே என்று அந்த நேரத்தில் தயங்கவே கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீட்டோ ஆகாது. இரத்தச் சர்க்கரை 250-ஐத் தாண்டாமலேயே இரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கணையம், கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாக இதில் இறங்கக் கூடாது.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று போட்ட சாக்லேட் சாப்பிடலாமா?

அட்டையின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் வைத்துவிடுங்கள்; அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும், நிறையத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பு இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் அதுதான் என்று நிரூபணமாகவில்லை என்றாலும், இதய நோய் உள்ளவர்கள் தினசரிப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பின் பொட்டலங்களில் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை கலந்திருக்கும். ஒரு பொட்டலம் கிட்டத்தட்ட 1 கிராம் கார்ப்.

இன்னொரு பொறி: மொத்தக் கார்பிலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால் நெட் கார்ப் என்று படித்திருப்பீர்கள். ஐரோப்பிய முறை அட்டையில் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்துத்தான் அச்சிட்டிருப்பார்கள். அங்கே மறுபடி கழித்தால் கணக்கு உதைக்கும்.

எங்கள் கருத்தில் முதல் மாதம் எந்த மாற்று இனிப்பும் வேண்டாம். நாக்கை இனிப்பிலிருந்து இறக்கத்தானே இவ்வளவு பாடு! மிகவும் தவித்தால் ஐந்தாறு ஸ்ட்ராபெர்ரியை அடிக்காத க்ரீமில் தொட்டுச் சாப்பிடுங்கள். 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் 6 கிராம் நெட் கார்ப்தான்.

கேள்வி: மூன்று வாரம் ஒழுங்காக இருந்து, நேற்று ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. கீட்டோசிஸ், அதாவது உடம்பு கொழுப்பை எரித்து இயங்கும் நிலை, கலைந்திருக்கலாம்; ஒன்று முதல் மூன்று நாளில் திரும்பிவிடும். தராசில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது தண்ணீர். பரிகாரமாக இன்று பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தால் மாலையில் மீதிக் கேக்கைத் தேடிப் போவீர்கள். அடுத்த வேளை மூன்று முட்டை, சீஸ், கீரை, உப்பு சரியாக. மீதிக் கேக்கை இப்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.