கூட்டி எழுதிய ஒரு வரி

கேள்வி: காவல் பணிக்குத் தேர்வாகி, பயிற்சியில் சேரக் காத்திருக்கிறேன். நடத்தை நெறி பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். பிடிபட்டவன்தான் குற்றவாளி என்று அதிகாரிக்கு உறுதியாகத் தெரிகிறது. சாட்சியம் மட்டும் கொஞ்சம் பலவீனம். லஞ்சம் வாங்காமல், யாரையும் அடிக்காமல், அறிக்கையில் ஒரே ஒரு வரியைக் கூட்டி எழுதி அவனை உள்ளே தள்ளினால் அதில் என்ன தவறு? கூட வேலை பார்ப்பவர் அப்படி எழுதினால் அவரைக் காட்டிக்கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: ‘உறுதியாகத் தெரிகிறது’ என்கிறீர்களே, உங்கள் கேள்வி முழுக்க அந்த இரண்டு சொற்களின் மேல்தான் நிற்கிறது. அதையே முதலில் பார்ப்போம்.

1974 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு பேர் பிடிபட்டார்கள். இவர்கள்தான் என்று விசாரித்த அதிகாரிகளுக்கு உறுதியாகத் தெரிந்தது. 1975இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. 1991 மார்ச் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. மேல்தாளில் எழுதும்போது அடித்தாளில் பதியும் அழுத்தத் தடத்தை வெளிக்கொணரும் எஸ்டா என்ற சோதனை இருக்கிறது. எந்தத் தாளுக்கு அடியில் எந்தத் தாள் இருந்தது, எது முந்தி எது பிந்தி என்று அது காட்டிவிடும். விசாரணை நடந்தபோதே எழுதியதாக நீதிமன்றத்தில் காட்டிய குறிப்புகள் அப்படி எழுதப்படவில்லை என்பது அந்தச் சோதனையில் தெரிந்தது.

அதே 1974இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் நான்கு பேர் உள்ளே போனார்கள். 1989இல் வேறொரு மாவட்டக் காவல்துறை பழைய கோப்பைப் புரட்டியபோது ஒரு தட்டச்சு நகல் அகப்பட்டது. அதில் அடித்தலும் திருத்தலும் இடைச்செருகலுமாகக் கையால் எழுதியிருந்தது. ‘கேட்கக் கேட்க எழுதியது’ என்று நீதிமன்றத்தில் வைத்த கையெழுத்துக் குறிப்போ, அந்தத் திருத்திய நகலோடு ஒத்துப்போனது. நால்வரும் வெளியே வந்தபோது 14 ஆண்டுகள் போயிருந்தன. இதில் என்னை மிகவும் வதைக்கும் செய்தி வேறு. வேறு வழக்கில் பிடிபட்டிருந்த ஒரு குழுவினர், கில்ட்ஃபோர்டில் குண்டு வைத்தது நாங்கள்தான் என்று 1977லேயே தாங்களாகச் சொன்னார்கள். அப்போதும் நால்வரின் மேல்முறையீடு தள்ளுபடியானது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்கோ அந்த ஆறு பேருக்குப் பிறகு வேறு யாரும் தண்டிக்கப்படவே இல்லை. கூட்டி எழுதிய வரி நிரபராதியை உள்ளே தள்ளியதோடு நிற்காமல், தேடலையும் நிறுத்திவிட்டது. செய்தவன் வெளியே நடமாடினான்.

காவல்துறை ஒழுக்கம் பற்றி எழுதுபவர்கள் இதை ‘நல்ல நோக்கத்துக்காகச் செய்யும் முறைகேடு’ என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். லஞ்சம் வாங்குபவனுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும், ஒளித்துச் செய்வான். இந்த முறைகேட்டைச் செய்பவர் பெரும்பாலும் உழைப்பாளி, வழக்கைத் துலக்குவதில் பெயர் எடுத்தவர், புதிதாக வருபவர்கள் அண்ணாந்து பார்க்கும் ஆள். ஒளிக்காமல் செய்வார், அடுத்தவருக்குக் கற்றும் கொடுப்பார். லஞ்சத்தை விட இது வேகமாகப் பரவுவது அதனால்தான்.

சரி, பிடித்த ஆள் உண்மையிலேயே குற்றவாளிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நட்டம் உங்களுக்குத்தான். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி விழுந்தால், நீங்கள் உண்மையாக எழுதிய மற்ற நாற்பது வரிகளும் அதோடு விழும். அமெரிக்காவில் 1963இன் பிராடி தீர்ப்பும் 1972இன் ஜிக்லியோ தீர்ப்பும் சேர்ந்து ஒரு கடமையை உருவாக்கின: சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் செய்தி இருந்தால் அரசுத் தரப்பே அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். பொய் எழுதியவர் என்று ஒருமுறை தெரிந்த காவலரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அரசு வழக்கறிஞர்களே தயங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலையே பல அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. சாட்சி சொல்ல முடியாத காவலரால் யாரையும் கைது செய்து பயன் இல்லை. அவர் பெயர் உள்ள பழைய வழக்குகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். நியாயமாகத் தண்டனை பெற்றவனும் அந்த வழியில் வெளியே வந்துவிடுவான்.

பலவீனமான சாட்சியத்தைப் பலவீனமாகவே எழுதுங்கள். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் நேர்மை பாதி அடங்கியிருக்கிறது. குறிப்பேட்டின் பக்கங்களுக்கு எண் இருக்க வேண்டும். ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. அழிக்கக் கூடாது, எழுதியதன் மேலேயே எழுதக் கூடாது, வரிகளுக்கு நடுவே செருகக் கூடாது. தவறிப்போனால் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுத் தொடர வேண்டும். காலி இடம் விட்டால் அதில் கோடு இழுக்க வேண்டும். நடந்த நேரம் ஒன்று, எழுதிய நேரம் ஒன்று. இரண்டையும் குறிக்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து எழுதினால் அப்படியே போட்டுவிடுங்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியும், மறைத்த தாமதத்துக்குச் சொல்ல முடியாது. துண்டுத் தாளில் எழுதியிருந்தால் அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். நகல் எடுத்துவிட்டோமே என்று கிழித்துப் போடுவது பெரிய பிசகு.

இதைவிட முக்கியம், பார்த்தது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் கலக்காமல் எழுதுவது. ‘தப்பி ஓட முயன்றார்’ என்பது ஊகம். ‘என்னைப் பார்த்ததும் வலப்பக்கம் திரும்பி வேகமாக நடந்தார், நில் என்று இருமுறை சொன்னேன், நிற்கவில்லை’ என்பது பார்த்தது. ‘எதிர்த்தார்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பவே நம்பாதீர்கள். கையை இறுக்கி மடக்கிக்கொண்டாரா, உதறினாரா, ஓங்கினாரா? அந்தந்தச் செய்கைக்கு நீங்கள் செய்தது என்ன? ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 17 அன்று ஏற்ற காவல் அதிகாரிகளுக்கான நடத்தை நெறி மொத்தம் எட்டே பிரிவுதான். அதில் மூன்றாவது பிரிவு, கண்டிப்பாகத் தேவைப்படும்போது, தேவைப்படும் அளவுக்கு மட்டும்தான் பலப்பிரயோகம் என்கிறது. அந்தத் தேவை இருந்ததா என்பதை ‘எதிர்த்தார்’ என்ற சொல் காட்டாது. செய்கையை அடுத்தடுத்து எழுதினால்தான் தெரியும்.

கைவிலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் இரட்டைப் பூட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் அசையும்போதெல்லாம் அது தானாக இறுகும், மணிக்கட்டின் நரம்பு நசுங்கிக் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும், சில நேரம் மாதக்கணக்கில். விலங்குக்கும் கைக்கும் நடுவே விரல்நுனி நுழைகிறதா என்று பார்த்து, பார்த்ததையும் பூட்டியதையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். ‘வலிக்கிறது’ என்று அவர் சொன்னால் அதையும் எழுதி, திரும்பச் சரிபார்த்ததையும் எழுத வேண்டும். விலங்கிட்டவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்துவது உயிரையே எடுத்துவிடும். நெஞ்சும் வயிறும் விரிய இடமில்லாமல் மூச்சு தடைபடும். மூச்சுக்குத் திணறி அவர் நெளிவதை ‘இன்னும் எதிர்க்கிறார்’ என்று நினைத்து மேலும் அழுத்துவார்கள். விலங்கு பூட்டியவுடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், அல்லது உட்கார வைக்க வேண்டும். ‘மூச்சு விட முடியவில்லை’ என்று பேச முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறதென்று அர்த்தம் என்ற நம்பிக்கை காவலர்களிடையே உண்டு. அது பொய். ஒரு சொல்லை உச்சரிக்கத் தேவையான காற்றுக்கும் உயிர் தரிக்கத் தேவையான காற்றுக்கும் தூரம் அதிகம்.

2020 மே 25, அமெரிக்காவின் மினியாபொலிஸ். விலங்கிட்டுக் குப்புறக் கிடத்திய ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக ஒரு காவல் அதிகாரியின் முழங்கால் அழுத்தியது. காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, காவல்துறையினரை எதிர்கொண்டபோது உடல்நலக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்ற பொருளில் இருந்தது. முழங்கால் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வழியில் நின்ற ஒரு பெண் கைபேசியில் படம் எடுத்திருக்காவிட்டால் அந்த வாசகமே வரலாறாகியிருக்கும்.

கூட இருந்த மூன்று அதிகாரிகளைக் கவனியுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அவர்களிடம் இருக்கிறது. இருவர் பயிற்சி முடித்துப் பணியேற்றுச் சில நாட்களே ஆனவர்கள். அழுத்தியவர் 19 ஆண்டு அனுபவசாலி. பக்கவாட்டில் திருப்பலாமா என்று புதியவர்களில் ஒருவர் கேட்கவும் செய்தார். மறுத்ததும் விட்டுவிட்டார். 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் மூவரையுமே மருத்துவ உதவி மறுத்த குற்றத்துக்கும், அவர்களில் இருவரைத் தடுக்காமல் நின்ற குற்றத்துக்கும் சேர்த்துக் குற்றவாளிகள் என்றது. கேட்டோமே என்பது போதவில்லை.

எனவே தடுப்பதைப் பயிற்சியிலேயே பழக வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் காவல்துறை 2016இல் தொடங்கிய சகபணியாளர் தலையீட்டுப் பயிற்சியின் அடிப்படை இதுதான்: சீனியரை ஜூனியர் தடுப்பதை அவமதிப்பாகப் பார்க்காமல், வேலை போகாமல் காப்பாற்றும் உதவியாகப் பார்ப்பது. பணி தொடங்கும் முன்பே இருவரும் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும், விவாதம் பிறகு. கேட்கவில்லையா, தோளைத் தொட்டு ‘நான் பார்த்துக்கிறேன் சார், நீங்க விலகுங்க’ என்று இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கையைப் பிடித்து விலக்குங்கள். பிறகு காயம் பட்டவருக்கு மருத்துவ உதவி, அதே பணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குத் தகவல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புகார் எழுதும் அவசரத்தில் ஆளை ரத்தத்தோடு விட்டுவிடக் கூடாது.

‘காட்டிக்கொடுப்பது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அதே ஐ.நா. நெறியின் எட்டாவது பிரிவு, மீறல் நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ நம்பக் காரணமிருந்தால் மேலிடத்துக்கும், தேவையானால் மறுபரிசீலனை அதிகாரமுள்ள வேறு அமைப்புக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. அது உங்கள் வேலையின் ஒரு பகுதி. ஹவானாவில் 1990இல் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட பலப்பிரயோக அடிப்படைக் கொள்கைகள் இன்னொன்றையும் சேர்த்தன: சட்டவிரோத ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது, ஆணை வெளிப்படையாகச் சட்டவிரோதம் என்று தெரிந்தும், மறுக்க வாய்ப்பிருந்தும் நிறைவேற்றியவர் ‘மேலதிகாரி சொன்னார்’ என்று தப்பிக்க முடியாது. தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பாளிதான்.

மேலே இருந்து வரும் திருத்தத்திடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கியதால் 97 பேரின் உயிர் போனது. 2012இல் சுயேச்சைக் குழு ஒன்று ஆவணங்களை ஆராய்ந்தபோது, 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்ததும், 116இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. பார்த்ததைக் காவலர்கள் சரியாகவே எழுதியிருந்தார்கள்; நிர்வாகம் வெட்டியது.

காவலர் உடலில் மாட்டும் கேமரா வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆளை நெருங்கும் முன்பே இயக்குங்கள். அணைத்தால் காரணத்தைச் சொல்லிவிட்டு அணையுங்கள். பலப்பிரயோக அறிக்கையை முதலில் நினைவிலிருந்து எழுதி, பிறகு பதிவைப் பார்த்து, வேறுபாட்டைத் தனிப் பத்தியாகச் சேர்ப்பதே சரி என்பது என் கருத்து. படத்தைப் பார்த்தபின் எழுதினால், உங்கள் கண் கண்டதும் கேமரா கண்டதும் கலந்து எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

நாளை யாராவது எழுதி முடித்த அறிக்கையை நீட்டி, ‘கையெழுத்தைப் போடு’ என்றால் முழுதும் படியுங்கள். நீங்கள் காணாத வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தனியாக, அவர்களோடு உட்காராமல், உங்கள் சொற்களிலேயே எழுதி நேரமிட்டுக் கொடுங்கள். கையெழுத்துக் கேட்டது யார், எத்தனை மணிக்கு, எந்த வரிக்காக நீங்கள் மறுத்தீர்கள் என்பதை உங்கள் குறிப்பேட்டின் அடுத்த காலி வரியில், அன்றைக்கே எழுதிவிடுங்கள்.