கர்ப்பம் என்றதும் விலகல் கடிதம் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு சிறிய கடையில் மூன்று ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பம் என்று சொன்ன இரண்டே வாரத்தில், நானே விலகுவதாக எழுதித் தரச் சொல்கிறார் மேலாளர். 800 வெள்ளி கொடுத்தால் வழக்கு போட்டுத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று மேலாளர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து அழுதவர்கள் பலர். கட்டாயப்படுத்தி விலக வைத்தால் அதுவும் பணிநீக்கம்தான். ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும்.

இன்றே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "என்னை விலகச் சொன்னீர்கள். எனக்கு விருப்பமில்லை." கர்ப்பத்தை உறுதி செய்யும் மருத்துவர் சான்றையும் அதிலேயே அனுப்புங்கள். சம்பளச் சீட்டு, வேலை அட்டவணை எல்லாவற்றையும் சொந்தக் கைப்பேசியில் சேமியுங்கள். வேலை போனால் நிறுவனச் செயலி திறக்காது.

அந்த 800 வெள்ளி ஆசாமியை விட்டு விலகுங்கள். சம்பளம், பணிநீக்க வழக்குகளை விசாரிக்கும் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞருக்கே இடமில்லை. இவர் என்ன செய்துவிடுவார்? வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் அமைப்பான சர்ச்சை நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணியில் (TADM), அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக நீங்களே புகார் பதியலாம். முதலில் அங்கே சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால்தான் மன்றம். வயிற்றில் பிள்ளையோடு இத்தனை படி ஏற வைப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

புகார் பதியக் கெடு, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரே மாதம். மகப்பேறு தொடர்பான பணிநீக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு: குழந்தை பிறந்த நாளிலிருந்து இரண்டு மாதம். வேலை போன நாளிலிருந்து அல்ல, பிறந்த நாளிலிருந்து. "ஒரு மாதம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்காகத் தள்ளியும் போடாதீர்கள். கைக்குழந்தையோடு ஆவணம் தேடுவது பெரும்பாடு.

"கடை சின்னது, சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்றும் சொல்வார்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிப்பது உண்மை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அவர்களையே வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்! ஆனால் நீங்கள் நிற்பது பழைய வேலை நியமனச் சட்டத்தின் மேல். அதற்குக் கடையின் அளவு கணக்கில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்திருப்பதால், தகுந்த காரணமில்லாமல் நீக்கினால் மகப்பேற்றுச் சம்பளமும் தந்தாக வேண்டும். இழப்பீடாகவோ, திரும்ப வேலையாகவோ கேட்கலாம். மன்றத்தின் உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000.