டெக்சாஸில் பழைய வீடு வாங்குகிறோம். எந்த ஹோம் வாரண்டி நிறுவனம் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீடு 2005-ல் கட்டியது, ஏசி 2012-ல் மாற்றியது, இணையத்தில் வரும் 'டாப் 10' பட்டியல் ஒவ்வொன்றிலும் முதலிடம் வேறு வேறாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் டெக்சாஸில்தான், டாலஸ் பக்கம் இருக்கிறேன். வீடு வாங்கும் நண்பர்களுக்காக ஹோம் வாரண்டி ஒப்பந்தங்களை, அதாவது வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுச் சாதனங்களின் பழுதைச் சரிசெய்து தரும் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள், ஒப்பந்தங்களை ஒப்பிடுங்கள். அதையும் உங்கள் வீட்டின் ஏசியை முன்னால் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அந்தப் பட்டியல்களில் பல கமிஷனில் ஓடுபவை. நீங்கள் இணைப்பைத் தட்டி விலைக் குறிப்பு கேட்டால் தளத்துக்குப் பணம் போகும். பக்கத்தின் மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். நிறுவனங்கள் மீதான புகார்களைப் பதியும் அமைப்பான பிபிபி என்கிற பெட்டர் பிசினஸ் பியூரோ கொடுக்கும் ஏ, பி, சி தரத்தையும் பார்த்த மாத்திரத்தில் நம்ப வேண்டாம். வாடிக்கையாளர்கள் போடும் நட்சத்திரங்கள் அந்த எழுத்துத் தரக் கணக்கில் சேர்வதில்லை. புகாருக்கு நிறுவனம் பதில் சொல்கிறதா என்பது போன்றவைதான் சேரும். ஆனால் அதே பக்கத்தில் புகார்களின் முழு வாசகம் இருக்கும். அதைப் படியுங்கள். 'டெக்னீஷியன் வரத் தாமதம்' என்ற புகார் எல்லா நிறுவனத்துக்கும் வரும். 'பராமரிப்பு சரியில்லை என்று நிராகரித்தார்கள்', 'வாங்கும் முன்பே இருந்த பழுது என்றார்கள்' என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த நிறுவனத்தின் போக்கு அதுதான். இந்தக் காரணங்கள் அரசாங்கம் வரைக்கும் போயிருக்கின்றன. சாய்ஸ் ஹோம் வாரண்டி நிறுவனம் இப்படிக் கோரிக்கைகளைத் தட்டிக்கழிக்கிறது என்று நியூ ஜெர்சி அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கு, 2015-ல் சுமார் 7.8 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இது இன்சூரன்ஸ் இல்லை என்பதை மனதில் வையுங்கள். தீ, புயல், ஆலங்கட்டி மழைக்கு ஹோம் இன்சூரன்ஸ். உழைத்து உழைத்துத் தேய்ந்துபோகும் ஏசி, வாட்டர் ஹீட்டர், குழாய், வயரிங், டிஷ்வாஷர் இவற்றுக்குத்தான் ஹோம் வாரண்டி. டெக்சாஸ் சட்டம் இதை 'குடியிருப்புச் சேவை ஒப்பந்தம்' என்ற வகையில் வைத்திருக்கிறது. 2021 வரை மாநில ரியல் எஸ்டேட் ஆணையம் மேற்பார்த்தது, அதன்பின் டிடிஎல்ஆர் என்கிற உரிமத் துறை பார்க்கிறது. அந்தத் துறையின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கலிபோர்னியாவில் இருந்திருந்தால் இன்சூரன்ஸ் துறையிடம் போக வேண்டியிருக்கும்.

அடுத்து பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்தத் தொழிலின் பெரிய நிறுவனம் 1971-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹோம் ஷீல்ட். அதன் தாய் நிறுவனமான ஃப்ரண்ட்டோர் பங்குச் சந்தையில் இருப்பதால் கணக்கு வெளியே தெரியும். 2024-ல் வருமானம் சுமார் 184 கோடி டாலர், மொத்த லாப விகிதம் 54 சதவீதம். அதாவது வாடிக்கையாளர் கட்டும் ஒவ்வொரு டாலரிலும் ஏறக்குறைய 46 சென்ட்தான் பழுதுபார்க்கும் செலவாகத் திரும்புகிறது. விளம்பரமும் சம்பளமும் மீதியில் அடக்கம். இதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் சராசரி வீட்டுக்காரருக்கு இது லாபக் கணக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சராசரியைவிட உங்கள் வீட்டில் பழுது அதிகம் வரும் என்றால்தான் கணக்கு உங்கள் பக்கம் சாயும்.

உங்கள் ஏசிக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் ஆகிவிட்டது, சாயும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் மாதிரி ஒப்பந்தத்தை இறக்கி, ஏசி பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். விளம்பரப் பக்கம் வேண்டாம், ஒப்பந்தம்தான் வேண்டும்.

முதலில் உச்சவரம்பு, அதாவது நிறுவனம் அதிகபட்சம் தரும் தொகை. சில திட்டங்களில் ஏசிக்கு 1,500 அல்லது 2,000 டாலர்தான், சிலவற்றில் 5,000. டெக்சாஸில் முழு அமைப்பையும் மாற்ற இன்றைக்கு 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த வரம்பு ஒரு பழுதுக்கா, ஒரு யூனிட்டுக்கா, வருடம் முழுவதற்குமா என்றும் பாருங்கள். இரண்டு மாடி வீட்டில் இரண்டு ஏசி இருந்தால் இந்த ஒரு சொல்லில் பல ஆயிரம் டாலர் வித்தியாசம்.

அதைவிட முக்கியமானது பொருத்தம் பற்றிய பிரிவு. உங்கள் 2012 ஏசியில் குளிர்விப்பதற்கு அநேகமாக ஆர்-410ஏ வாயு இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து புதிதாகத் தயாராகும் வீட்டு ஏசி அமைப்புகள் ஆர்-454பி அல்லது ஆர்-32 வாயுவுக்கு மாறிவிட்டன. இந்தப் புதிய வெளி யூனிட்டை வீட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் உங்கள் பழைய காயிலோடு சேர்க்க முடியாது. போதாததற்கு 2023-லிருந்து தென்மாநிலங்களில் புதிதாகப் போடும் ஏசிக்குக் குறைந்தபட்ச மின்சிக்கன அளவையும் கூட்டியிருக்கிறார்கள். வெளியே கம்ப்ரசர் போனால் உள்ளே காயில், செம்புக் குழாய், தண்ணீர் வடியும் டிரெயின், சில வீடுகளில் காற்று போகும் டக்ட் வரைக்கும் கை வைக்க வேண்டி வரலாம். பழுதான பாகத்தை நிறுவனம் மாற்றும். இந்த 'மாற்றியமைக்கும் வேலை', பெர்மிட், வாயு நிரப்புவது, பழையதை அகற்றுவது இவையெல்லாம் யார் செலவு? மலிவான ஒப்பந்தத்தில் உங்கள் செலவு.

எங்கள் வீட்டிலேயே ஜூலை மாத வெயிலில் கம்ப்ரசர் போனது. நிறுவனம் நான்காம் நாள் ஆள் அனுப்பியது. வந்தவர் நல்ல வேலைக்காரர், பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தார். கோரிக்கையும் ஏற்கப்பட்டது. ஆனால் மாற்றியமைப்பு, பெர்மிட், வாயு என்று தனியாக ஆயிரத்துச் சொச்சம் டாலர் நாங்கள் கட்டினோம். மாமியார் வந்திருந்த நேரம், அவருக்கு ஆஸ்துமா. ஹோட்டலில் தங்கிய செலவைப் பொதுவாக இந்தத் திட்டங்கள் தராது. அதனால்தான் அவசரப் பழுதுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் ஒதுக்க வேண்டும், ஒதுக்காவிட்டால் நானே ஒருவரைக் கூப்பிட்டுப் பில்லை அனுப்பலாமா என்ற இரண்டு கேள்விகளை இப்போது எல்லோரையும் கேட்கச் சொல்கிறேன். நம் ஆளையே கூப்பிட விடும் நிறுவனங்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் நான் இதற்கு விலையைவிட அதிக மதிப்பு கொடுப்பேன்.

பொருளை மாற்றாமல் பணமாகக் கொடுக்கும் பிரிவையும் தேடுங்கள். கடை விலை தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனத்துக்கு அது மொத்த விலையில் எவ்வளவுக்குக் கிடைக்குமோ அந்தத் தொகையைத்தான் தருவதாகப் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

பழைய பழுது என்ற வாதத்துக்கு உங்களிடம் இருக்கும் நல்ல பதில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுதான். ஏசி ஓடியதாக, குளிர்ந்த காற்று வந்ததாக அதில் எழுதியிருக்கட்டும். வீட்டை விற்பவரிடம் பழைய சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். குடியேறியதும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து, வருடம் ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீதைச் சேர்த்து வையுங்கள்.

இனி கணக்கு. வருடக் கட்டணம் 700 டாலர், ஆள் வரும் ஒவ்வொரு முறையும் 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை வந்தால் 900. ஏசியில் கெபாசிட்டர் என்ற சின்ன மின்பாகம் போனது போன்ற சின்னப் பழுதை வெளி ஆளே 200, 300 டாலருக்குள் முடித்துவிடுவார். ஆகவே சின்னப் பழுதுகளுக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை. ஏசி வரம்பு 5,000, மாற்றியமைப்புச் செலவும் உள்ளே என்றால் வாங்கலாம். வரம்பு 2,000, மாற்றியமைப்பு உங்கள் தலையில் என்றால், அதே 900 டாலரை வருடா வருடம் தனிக் கணக்கில் போடுவதையே நான் விரும்புவேன்.

முதல் வருடத்துக்கு நீங்கள் கைக்காசு போடாமலும் இருக்கலாம். டெக்சாஸில் வீடு வாங்கக் கையெழுத்துப் போடும் வழக்கமான படிவத்தின் 7-ஆம் பத்தியில், இந்த ஒப்பந்தச் செலவை இத்தனை டாலர் வரை விற்பவர் ஏற்பார் என்று எழுத ஒரு கோடிட்ட இடம் இருக்கிறது. ஏஜெண்டிடம் அதை நிரப்பச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள், ஏஜெண்ட் நீட்டுவதை அப்படியே எடுக்க வேண்டாம். வீடு வாங்கும்போதே எடுத்தால் பொதுவாகக் காத்திருப்புக் காலம் கிடையாது, பிறகு எடுத்தால் 30 நாள். வருட முடிவில் தானாகப் புதுப்பித்து கார்டில் பிடித்துக்கொள்வார்களா என்றும் பாருங்கள். பிடிப்பார்கள் என்றால் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

வீடு உங்கள் பெயருக்குப் பதிவான சில வாரங்களில் 'இறுதி அறிவிப்பு, உங்கள் ஹோம் வாரண்டி காலாவதியாகிறது' என்று அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும். உங்கள் கடன் கொடுத்த வங்கியின் பெயர்கூட அதில் இருக்கும். பத்திரப் பதிவு பொது ஆவணம், அங்கிருந்து எடுத்துப் போடுகிறார்கள். அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம்.